பாலம் மாதிரி

முன்னொரு காலத்தில், நினைத்தது மறுநாளே நடந்தாக வேண்டும் என்று குதிக்கிற ராஜா ஒருவர் இருந்தார். ஒருநாள் அவருக்குக் கோட்டைக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்குப் பாலம் போடும் ஆசை வந்துவிட்டது. அதுவும் மழைக்காலத்துக்கு முன்பே!

அமைச்சர் குணபத்திரர் களிமண்ணால் செய்த சின்னப் பாலம் ஒன்றைச் சபையில் வைத்தார்.

“அரசே, இனிக் கொத்தர்கள் எதற்கு? இந்த மாதிரியைச் சரியாகச் செய்தால் போதும், பாலம் தானே எழும்பிவிடும். இதில் தூணை நகர்த்தினால் ஆற்றிலும் நகரும்.”

விகடகவி ஆதிச்சன் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அவன்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த அமைச்சர் விடுவாரா?

“முதலில் பாலத்தைக் கடக்கும் பெருமை ஆதிச்சனுக்கே கிடைக்கட்டும், அரசே!”

“அப்படியே ஆகட்டும். ஆதிச்சா, பாலத்தைக் கட. மறுத்தால் நாடு கடத்திவிடுவேன்” என்றார் ராஜா.

ஆதிச்சனுக்கு நீச்சல் தெரியாது.

அன்றுமுதல் ராஜாவுக்கு அந்தக் களிமண் மாதிரியே விளையாட்டாயிற்று. காலையில் ஒரு தூணை இடப்பக்கம் தள்ளுவார், மாலையில் வலப்பக்கம். ஆதிச்சன் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தான். வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அமைச்சர் சொன்ன கொத்தர்கள், முன்பைவிட இரண்டு மடங்கு பேராகக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள்.

“காலையில நட்டதை சாயங்காலம் பிடுங்கச் சொல்றாங்க சாமி. ராஜா விரலு சும்மாவே இருக்க மாட்டேங்குது!” என்று அலுத்துக்கொண்டான் ஒருவன்.

நட்டுப் பிடுங்கிய தூண்கள் எல்லாம் ஆட்டம் கண்டிருந்தன.

திறப்பு நாள் வந்தது. ஆறு நுங்கும் நுரையுமாக ஓட, பாலம் காற்றுக்கே ஆடியது. களிமண் மாதிரியையும் பல்லக்கில் கொண்டுவந்து கரையில் வைத்திருந்தார்கள்.

ஆதிச்சன் மடியிலிருந்து தன்னைப் போலவே தலைப்பாகை கட்டிய மரப்பாச்சி ஒன்றை எடுத்தான். அதை அந்த மாதிரியின்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடத்திவிட்டு ராஜாவை வணங்கினான்.

“கடந்துவிட்டேன், அரசே.”

“மோசடி!” என்று கத்தினார் அமைச்சர். “பொம்மைதானே கடந்தது?”

“மாதிரியில் செய்வது ஆற்றிலும் தானே நடக்கும் என்றவர் தாங்கள்தானே ஐயா? இந்நேரம் நான் அக்கரையில் நிற்க வேண்டுமே! சந்தேகமிருந்தால் பாலத்தின்மேல் நடந்துபோய்ப் பார்த்து வாருங்கள்.”

“நியாயம்தான். போய்ப் பாரும் அமைச்சரே” என்றார் ராஜா.

குணபத்திரர் பாலத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். அடுத்த கணம் ராஜாவின் காலில் விழுந்து, கொத்தர்களை ஒளித்துவைத்து வேலை வாங்கிய கதையை எல்லாம் கக்கிவிட்டார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. “அந்த மாதிரியை ஆற்றில் எறியுங்கள்!”

“வேண்டாம், அரசே” என்று தடுத்தான் ஆதிச்சன். “தாங்களும் கொத்தரும் நினைப்பது ஒரே பாலம்தானா என்று பேசித் தெளிய இது நல்ல பொருள். பேசி முடித்துவிட்டுத் தங்கள் விரலை எடுத்துவிட்டால், கொத்தர் கட்டிவிடுவார்கள். இதை மட்டும் நம்பினால் பாலம் கிடைக்காது, பாலம் மாதிரிதான் கிடைக்கும்.”

ராஜா தம் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்!”

“எதுவானாலும் சரி, அரசே. பரிசு மாதிரி மட்டும் வேண்டாம்.”

ராஜா தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவன் கையில் பூட்டினார். கரையே கைதட்டியது. குணபத்திரரும் தட்டினார், முகத்தையும் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டார்.