ஆறு ஷில்லிங் கம்பளி

முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய லண்டனில் ஜோசையா என்றொரு துணிக்கடைக்காரர் இருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியும் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை. கடையில் பேரமும் கிடையாது. பிரபு வந்தாலும் பிச்சைக்காரி வந்தாலும் சொன்ன விலை சொன்னதுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவருடைய குரு தபித்தா, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கிழிந்த காலுறைகளைத் தைத்துக் கொடுத்துப் பிழைப்பவர். ஞாயிறு ஜெபக் கூட்டத்தில் தபித்தா பேசினால் ஜோசையா கண்ணை மூடிக் கேட்பார்.

ஒருநாள் காலை ஜோசையா தபித்தாவின் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அம்மா, மார்த்தா என்ற சலவைக்காரி என் கடையில் கம்பளித் துணி திருடினாள். நானே பிடித்துக் கொடுத்தேன். நாளை விசாரணை."

"சரி."

"துணியின் விலையை என்னிடம்தான் கேட்பார்கள். ஐந்து ஷில்லிங்கைத் தொட்டால் தூக்கு. அது ஆறு ஷில்லிங் துணி, அம்மா."

அந்தக் காலத்துச் சட்டம் அப்படி. துணிதான் விலை ஏறியிருந்தது, கழுத்து மலிவாகவே கிடைத்தது.

"உண்மை சொன்னால் அவள் செத்தாள். பொய் சொன்னால் நான் செத்தேன். என்ன செய்வேன்?" கேட்டவர் அழுதே விட்டார்.

தபித்தா கையிலிருந்த காலுறையைக் கீழே வைத்தார். "வாருங்கள், கடைக்குப் போவோம்."

கடையில், அதே கம்பளியில் அதே அளவு வெட்டச் சொன்னார்.

"என்ன விலை?"

"ஆறு ஷில்லிங்."

"என்னிடம் நான்குதான் இருக்கிறது. குறைத்துக் கொடுங்கள்."

ஜோசையா திகைத்துப்போனார். தபித்தா யாரிடமும் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. நைந்துபோன அவர் சால்வை அன்றுதான் கண்ணில் பட்டது. மனம் தாங்கவில்லை. துணியை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"நான்கே போதும், அம்மா."

"மனமாரத்தானே?"

"மனமார."

மறுநாள் நீதிமன்றத்தில் விலையைக் கேட்டார்கள்.

"வழக்கமாக ஆறு சொல்வேன், ஐயா. நேற்று இதே துணியை நான்குக்குக் கொடுத்தேன். இதற்கும் நான்கே போதும்."

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கு என்றே முடிவு செய்தார்கள். மார்த்தாவுக்குத் தூக்கு இல்லை, ஆறு மாதச் சிறை.

மாலையில் ஜோசையா வந்தபோது தபித்தா அந்தக் கம்பளியைச் சால்வையாகத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும் உறுத்துகிறது, அம்மா. நீங்கள் வாய்விட்டுக் கேட்டீர்கள், கொடுத்தேன். அவள் திருடினாள். இரண்டும் ஒன்றா?"

தபித்தா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இது அவளுக்குத்தான். சிறையில் குளிர் அதிகம். போய் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். விலை குறைப்பீர்களா என்று கேட்க மூன்று நாள் உங்கள் கடை வாசலுக்கு வந்தாளாம், ஜோசையா. மூன்று நாளும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாளாம்."