கொண்டைச்சியோட முட்டையைத் தின்ன காலு

காட்டோரமா ஒரு ஊர்ல ஒரு கோழி இருந்துச்சாம். பேரு கொண்டைச்சி. "கொக் கொக் கொக்கேய்"னு ஊரையே கூட்டிட்டுத்தான் முட்டையிடும். ம் கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

"ம்."

அதை வளர்த்தது பொன்னரசின்னு ஒரு பொண்ணு. முட்டையெல்லாம் சேர்த்து அடை வச்சு, குஞ்சு பொரிக்கணும்னு அவளுக்கு ஆசை. ஆனா கூடையில இட்ட முட்டை விடிஞ்சா காணோம்! அப்போ அவ மாமா சடையப்பன் மீசையை முறுக்கிட்டு வந்தாரு. "காட்டுப்பூனை வேலைடி இது. முட்டைக்குள்ள மருந்து வச்சுடறேன், தின்னுட்டுச் சாகட்டும்."

"ஐயோ மாமா! பூனைதான்னு யாரு பார்த்தா? அது செத்துட்டா உங்க கடலைக்காட்டு எலியை யாரு பிடிப்பா? பள்ளிக்கூடத்துக்கு வந்த வனத்துறை அக்கா சொன்னாங்க, காலடியைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கலாமாம்."

"சரி, பாரு. தெரியலேன்னா மருந்துதான்."

அப்புறம் அவ என்ன பண்ணினா, கோலம் போடற அரிசி மாவைக் கூடையைச் சுத்தித் தூவினா. காலையில பார்த்தா எறும்பு சரசரன்னு ஊருது, அணில் சளக் சளக்னு மாவை நக்குது, கொண்டைச்சியே வந்து கொத்துது. முட்டையை மட்டும் காணோம். எத்தனை காலு! எது யாரு காலு? பொன்னரசிக்குத் தலை கிறுகிறுன்னுச்சு.

"என்னடி, எறும்பு உருட்டிட்டுப் போச்சா?"ன்னு சிரிச்சாரு மாமா.

அப்போ அடுப்புச் சாம்பலைத் தூவினா. அதை யாரும் தின்ன முடியாதில்ல? விடிஞ்சு பார்த்தா, மாமா வளர்க்கிற கருவாயன் நாய் அந்தச் சாம்பல்ல சுருண்டு படுத்து கொர் கொர்னு தூங்குது. ஒரு காலடியும் மிச்சமில்ல. முட்டையும் இல்ல.

"காவலுக்குப் படுத்திருக்கான் பாரு, என் சிங்கம்!"னாரு மாமா.

"நாய் இருக்கறப்போ பூனை எப்படிம்மா வந்துச்சு?"

அதேதான் கண்ணு அவளுக்கும் குழப்பம்!

மூணாவதா ஓடை மணலைச் சலிச்சுப் பரப்பி, தண்ணி தெளிச்சா. ஈரத்துல நாய் படுக்காதில்ல? காலையில, அப்பாடா, பளிச்சுனு காலடி! நாலு விரலு, விரல் நுனியில நகம் குத்தின புள்ளி.

"நகம் இருக்கே, பூனைதான்!"னு மாமா மருந்து முட்டையோட வந்துட்டாரு.

பொன்னரசி திருதிருன்னு முழிக்கிறா. நடக்கறப்போ நகத்தை உள்ள இழுத்துக்கறது பூனையா, நாயா? அக்கா சொன்னாங்களே! மறந்தே போச்சே!

அப்போ மாமா பின்னாடியே கருவாயன் வாலாட்டிட்டு வந்துச்சு. தத் தத் தத்னு மணல்ல நடந்துச்சு. பழைய காலடிக்குப் பக்கத்துல புதுக் காலடி. நாலு விரலு, நாலு நகம். அச்சு அசல்! மூக்குல பார்த்தா, மஞ்சக்கரு.

கருவாயன் மோப்பம் பிடிச்சுட்டு, மாமா கையில இருந்த மருந்து முட்டைக்கு எம்புச்சு. "டேய் டேய், வேணாண்டா சாமி!"ன்னு கையைத் தலைக்கு மேல தூக்கிட்டுக் குதிச்சாரு பாரு, வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியல!

அப்புறம் ஆழமாக் குழி வெட்டி அந்த முட்டையைப் புதைச்சு, மேல கல்லும் வச்சாரு. கூடையை நாய்க்கு எட்டாத உயரத்துல கட்டினாரு. கொண்டைச்சி படபடன்னு பறந்து ஏறிக்கிச்சு.

"ம்... அப்போ பூனை?"

அதுவா? அது இந்தப் பக்கமே வரல. கடலைக்காட்டுல மாமாவோட எலியைப் பிடிச்சிட்டிருந்துச்சு.

கோழி அடையில உக்காந்தாச்சு, நாயும் சுருண்டாச்சு. கதைக்கே கொட்டாவி வந்துருச்சு, கண்ணை மூடு.