கரைக்கும் குளத்துக்கும் நடுவே

ராசாக்கள் ஆளுக்கொரு மலையைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு கொடியைப் பறக்கவிட்ட காலம் அது. தன் கொடி பறந்தால் மட்டும் போதுமா? அடுத்தவன் கொடி இறங்க வேண்டாமா? அதனால் எப்போது பார்த்தாலும் சண்டை. அந்தக் காலத்துக் கதை இது. பெரியவர்கள் கேட்கலாம், பிள்ளைகள் கேட்கலாம், தூக்கம் வராதவர்கள் கட்டாயம் கேட்கலாம்.

மூங்கில்மடை என்று ஓர் ஊர். அதற்குக் கோட்டை இல்லை, யானை இல்லை, படை இல்லை. ஒரு குளம் இருந்தது. ஒரு சுவடி இருந்தது.

சுவடியில் நூறு பாட்டு. எந்த நட்சத்திரம் எழுந்தால் விதைக்கலாம், எந்த வேர் காய்ச்சலை இறக்கும், மதகை எத்தனை சாண் தூக்கினால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகும், எல்லாம் அதில் உண்டு. கூடவே ஊர்க்கதையும் உண்டு. எந்த வீட்டு மாப்பிள்ளை மாட்டுக்குப் பயந்து கூரையில் ஏறினார், எந்தத் தாய் பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடாமல் செத்தாள் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு பாட்டாக இருந்தது.

நூறும் அந்தாதி. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அடுத்த பாட்டு அதே சொல்லில் தொடங்கும். முன்னால் போகிறவள் முந்தானையைப் பின்னால் வருகிற பிள்ளை பிடித்துக்கொள்ளும் இல்லையா, அப்படி. நூறாவது பாட்டு சுற்றி வந்து முதல் பாட்டின் முதல் சொல்லையே பிடித்துக்கொள்ளும்.

சுவடியைப் படிக்கவும், பழுதான ஏட்டைத் திருப்பி எழுதவும் தெரிந்தவள் பூதி. பாட்டுக் கட்டுவதில் மகா கெட்டிக்காரி. ஆனால் மனப்பாடம் மட்டும் அவளுக்கு வராது. ஏட்டைப் பார்த்தால்தான் பாட்டு வரும்.

ஒரு கோடையில் வல்லரையன் என்ற அரசன் படையோடு வருகிறான் என்று சேதி வந்தது. அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரைப் பிடித்ததும் முதலில் ஓலையை எரிப்பான். “ஓலை போனால் ஊருக்குப் பேர் போச்சு. பேர் இல்லாத ஊருக்குக் குளம் என்னத்துக்கு?” என்று கேட்டுச் சிரிப்பான்.

ஊர் கூடியது.

“சுவடியைப் புதைத்து வைப்போம்” என்றார் குயவர் செம்பன்.

“புதைத்தால் கரையான் படிக்கும்” என்றாள் பூதி.

“பக்கத்து ராசா கோட்டைக்கு அனுப்பிவைப்போம்” என்றார் எண்ணெய் வணிகர் தத்தன்.

“அந்தக் கோட்டைதான் அடுத்து எரியப்போகிறது, மாமா.”

“அப்படியென்றால் நீதான் சொல்லேன், பெரிய மனுஷி!”

பூதி சொன்னாள். “நூறு வீடு இருக்கிறது, நூறு பாட்டு இருக்கிறது. வீட்டுக்கு ஒன்றாக உருப்போடுவோம். சுவடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அது எரிந்தால் அவன் மனம் குளிர்ந்துவிடும், நம்மைத் தேடமாட்டான். ஒருவர் பாட்டை இன்னொருவர் கற்க வேண்டாம். பிடிபட்டாலும் ஒன்றுதான் போகும்.”

அப்படியே செய்தார்கள். பூதி வீடு வீடாகப் போய் ஏட்டைப் படித்துக் காட்டினாள். அவள் அக்காள் சாத்தியின் வீட்டுக்கு வந்தது ஒரு வேடிக்கைப் பாட்டு. சாத்தியின் கணவன் கண்டன் பரிசல்காரன். அவன் துடுப்புப் போட்டுக்கொண்டே உருப்போட்டான்.

படை வந்தது. ஊர் ஓடியது. கண்டன் எல்லாரையும் ஆற்றுக்கு அக்கரையில் இறக்கினான். சாத்தி, “கடைசி ஆள் ஏறட்டும், நாம் பிறகு போவோம்” என்று பிள்ளைகளோடு இக்கரையிலேயே நின்றாள். அவர்கள் ஏறிய கடைசிப் பரிசலை வல்லரையன் படை அம்பால் துளைத்தது. ஒருவரும் கரை சேரவில்லை.

இனி, ஊரார் அறியாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். வல்லரையன் அந்தச் சுவடியை எரிக்கவில்லை. எரிக்கத்தான் எடுத்தான். எடுத்தவன் முதல் ஏட்டைப் பார்த்தான். அதன் கடைசிச் சொல் இரண்டாவது ஏட்டுக்கு இழுத்தது. இரண்டாவது மூன்றாவதற்கு இழுத்தது. தீ அணைந்துபோயிற்று, அவன் படித்துக்கொண்டிருந்தான். பிறகு சுவடியைப் பெட்டியில் பூட்டிவிட்டு, எரிந்துபோனதாக ஊருக்கெல்லாம் சொல்லச் சொன்னான். ஆசைப்பட்டதை வெளியே சொல்ல அவனுக்கு வெட்கம்.

ஊரார் சிதறினார்கள். சிலர் காட்டுக்கு, சிலர் கடலோரத்துக்கு, சிலர் வல்லரையனுக்குக் கல்லுடைக்கும் மலைக்கே. பசித்தபோது பாட்டைச் சொன்னார்கள். காய்ச்சலில் பாட்டைச் சொன்னார்கள். செத்தவரைப் புதைத்துவிட்டு வந்து பாட்டைச் சொன்னார்கள். பெற்றவர் போனால் பிள்ளை சொன்னது.

வருஷங்கள் போயின. வல்லரையனுக்குத் தலை நரைத்தது. பிடித்த நாடெல்லாம் உழ ஆளில்லாமல் முள் மண்டிக் கிடந்தது. அவன் முரசறைந்தான்: “ஊர் இன்னது என்று மெய்ப்பிக்கிறவர்கள் குளத்தையும் நிலத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.”

மூங்கில்மடைக்காரர்கள் தலைநகரில் வந்து கூடினார்கள். “எங்கள் ஊருக்கு நூறு பாட்டு, வீட்டுக்கு ஒன்றாக உருப்போட்டிருக்கிறோம்” என்றார்கள். “நூறையும் ஒரு பிழையில்லாமல் நாளைக்குச் சபையில் சொல்ல வேண்டும்” என்று அரசன் உத்தரவிட்டான்.

அமைச்சர் காதோடு காதாகச் சொன்னார்: “நூறு வீட்டில் ஒரு வீடாவது அழிந்திருக்கும், அரசே. அந்த இடத்தில் பொய்ப் பாட்டைச் சொருகுவார்கள். சுவடியை மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிடுங்கள். குளத்தை என் மைத்துனன் பார்த்துக்கொள்வான்.”

அரசன் தலையசைத்தான்.

அங்கே வண்டிப்பேட்டைப் புளியமரத்தடியில் ஊரார் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் மாறிப்போயிருந்தது. சொல் மாறவில்லை.

“எனக்கு ‘நிலா’வில் முடிகிறது. நிலா யாருக்கு?”

“எனக்கு, எனக்கு! அடடே, நீ தச்சன் வீட்டுப் பொடியன் இல்லை? வழுக்கை விழுந்துவிட்டதே!”

“உங்களுக்குப் பல் விழவில்லையா, பெரியம்மா? வந்து நில்லுங்கள்.”

சிரித்தார்கள், அழுதார்கள், ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். கடைசியில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. அதற்கு முன்னால் நின்றவரின் பாட்டு ‘கரை’ என்று முடிந்தது. பின்னால் நின்றவரின் பாட்டு ‘குளம்’ என்று தொடங்கியது. நடுவில் ஆள் இல்லை. அது சாத்தியின் இடம்.

எல்லாரும் பூதியைப் பார்த்தார்கள்.

“கரையில் தொடங்கிக் குளத்தில் முடிய வேண்டும், அவ்வளவுதானே” என்றார் தத்தன். “உனக்கு அது வெற்றிலை போடுகிற நேரத்து வேலை.”

“சுவடிதான் எரிந்துபோச்சே. யாருக்கம்மா தெரியப்போகிறது?” என்றார் செம்பன்.

கைப்பிள்ளைக்காரி ஒருத்தி பூதியின் கையைப் பிடித்தாள். “அத்தை, இவன் கல்லுடைக்கும் மலையில் பிறந்தவன். குளம் என்றால் என்னவென்றே தெரியாது. பாடிவிடுங்கள்.”

பூதிக்கு அப்போதே பாட்டு வாயில் வந்துவிட்டது. நல்ல பாட்டு. சொல்லாமல் விழுங்கினாள்.

மறுநாள் சபை நிறைந்தது. அரசனின் சால்வைக்கடியில் சுவடி இருந்தது. முதல் பாட்டு எழுந்தது. இரண்டாவது அதைப் பிடித்தது. மூன்றாவது அதைப் பிடித்தது. கிழவர் சொன்னார்கள், குமரிகள் சொன்னார்கள், திக்குவாய்க்காரன் ஒருவன்கூடத் திக்காமல் சொன்னான். அரசனின் விரல் துணிக்கடியில் ஏடு ஏடாக நகர்ந்தது. ஒரு பிழை இல்லை.

‘கரை’ என்று ஒருவர் முடித்தார். சபை காத்திருந்தது.

பூதி எழுந்தாள்.

“அரசே, இந்த இடத்தில் ஒரு பாட்டு இல்லை. ஒரு சோம்பேறியும் ஒரு கல்லும் அதில் வருவார்கள் என்பதுவரை எனக்கு ஞாபகம். மற்றது என் அக்காள் வீட்டில் இருந்தது. அக்காள் பெயர் சாத்தி, அவள் கணவன் கண்டன், பிள்ளைகள் நக்கன், மாறி. ஊரைக் கரையேற்றிவிட்டு அவர்கள் ஆற்றில் போனார்கள். அனுப்பியது உங்கள் அம்பு. வீட்டுக்கு ஒன்று போதும் என்று ஏற்பாடு செய்தவள் நான். நினைத்தால் இப்போதே ஒரு பாட்டுக் கட்டுவேன், உங்களால் கண்டுபிடிக்க முடியாது. கட்டினால் என் அக்காள் இருந்த இடம் மூடிப்போகும். அதனால் கட்டமாட்டேன். எங்களுடையது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் சத்தியம்.”

ஊரார் தலை கவிழ்ந்தது. கைப்பிள்ளைக்காரி விம்மினாள்.

“குறை! குளம் போச்சு!” என்று துள்ளினார் அமைச்சர்.

“உட்காரும்” என்றான் அரசன்.

சால்வையை விலக்கிச் சுவடியை வெளியே எடுத்தான். எரிந்துபோனது என்று ஊர் நம்பிய அதே சுவடி.

“பொய் வரும் என்று காத்திருந்தேன். இந்த இடத்தில் ஒரு பொய் வந்திருந்தால் மற்றதெல்லாம் பொய் என்று துரத்தியிருப்பேன்” என்றான். பிறகு ஏட்டைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு தானே படித்தான்.

“கரையில் கிடந்த கல்லைத் தலைக்குவைத்து
உறங்கிய சோம்பனை ஊரே நகைத்தது;
மடையுடைந்த மழையில் அக்கல்லே அடைத்தது;
நகைத்தவர் வயலுக்கு நிறைந்தது குளம்.”

பூதி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்து நின்றவர் யாராவது சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. “குளம்” என்று தொடங்கினார். பாட்டு மேலே நடந்தது. நூறாவது பாட்டு முதல் சொல்லைப் போய்ப் பிடித்தபோது வல்லரையன் சுவடியைக் கொண்டுவந்து பூதியின் கையில் கொடுத்தான். குளத்தையும் கொடுத்தான். அவளிடம் மன்னிப்பும் கேட்டான். அவள் சுவடியை வாங்கிக்கொண்டாள், குளத்தை வாங்கிக்கொண்டாள், மூன்றாவதற்குப் பதில் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் அவள் செய்த முதல் காரியம், பாட்டுக்கு ஒரு வீடு என்ற ஏற்பாட்டை மாற்றிப் பாட்டுக்கு மூன்று வீடு என்று வைத்ததுதான். ஆனால் கரையில் தொடங்கும் பாட்டை மட்டும் மூன்று வீட்டோடு நிறுத்தவில்லை. ஊரிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தாள்.

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இது: இழந்ததை இழந்தோம் என்று மறைக்காமல் சொல்கிறவர்கள் காத்து வைத்ததைத்தான் உலகம் மெய் என்று நம்பும்.