மாதிரிக் கூட்டில் விழுந்த ஓட்டை

கிணற்றோரப் பனையில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. உச்சி ஓலையில் ஒரு மாதிரிக் கூடு தொங்கும். அதில் யாரும் வசிப்பதில்லை. ஆண்குருவிகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் கூட்டை நெய்யும். பார்க்கும், நெய்யும், அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

கருக்கன் என்றொரு குருவி. கல்யாணம் ஆகவில்லை. மூளை மட்டும் அதிகம். கூட்டில் சேரும் குப்பையை வாசல் வழியாகத் தள்ளுவது அவனுக்கு அலுப்பு. அடியில் ஓர் ஓட்டை இருந்தால் குப்பை தானாக விழுந்துவிடுமே! நல்ல யோசனைதான். தன் கூட்டில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். புதுக் கூடு கட்டும்போதெல்லாம் யார் ஞாபகம் வைத்துப் போடுவது என்று மாதிரிக் கூட்டிலேயே போட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு நல்லது செய்ததாக நினைப்பு.

அந்த மழைக்குக் கட்டிய கூடுகள் எல்லாவற்றிலும் ஓட்டை வந்தது.

கோரையன் என்ற குருவி கட்டிய கூட்டைப் பார்க்கப் பெண்குருவி நாணலி வந்தாள். இழுத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், அவனையே கட்டிக்கொண்டாள். கூட்டுக்குத் தரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எந்தக் குருவி பார்க்கும்? பஞ்சு விரித்து முதல் முட்டையை இட்டாள்.

கிணற்றில் ‘தொபுக்’ என்றது.

மறுநாள் அடுத்த முட்டை இட வேண்டும். கோரையன் பதறிப்போய்த் தரையைப் பிரித்து நெய்தான், மாதிரியைப் பார்த்துத்தான். மறுபடி ஓட்டை. இன்னொரு தடவை நெய்தான். அதே ஓட்டை. நாணலிக்குச் சந்தேகம் வந்தது. உச்சிக்குப் பறந்துபோய் மாதிரிக் கூட்டின் அடியைப் பார்த்தாள். பக்கத்து ஓலையில் இருந்த கருக்கன், அது தன் வேலைதான் என்று பெருமையாகவே சொன்னான். அவன் கூட்டில் ஒரு தொந்தரவும் இல்லையாம்.

“உன் கூட்டில் முட்டை ஏது?” என்றாள் நாணலி.

“வேண்டாதவங்க அடைச்சுக்கலாமே, மதினி.”

“இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அடைக்க? முதல்ல இதை அடைடா.”

அடைத்தான். கோரையன் அதைப் பார்த்து மறுபடி நெய்தான். மறுநாள் காலையில் இட்ட முட்டை பஞ்சிலேயே கிடந்தது.

கருக்கன் நழுவப் பார்த்தான். நாணலி விடவில்லை. மரம் முழுக்கத் தொங்கிய கூடுகளை அலகால் காட்டினாள்.

“இத்தனையையுமா?”

“உன் கூட்டோட நிறுத்தியிருந்தா ஒண்ணுதான்.”

கருக்கன் ஓட்டைகளை அடைக்கப் புல் கிழிக்கப் போனான்.

எல்லோரும் பார்த்துச் செய்கிற பொதுவான ஒன்றில் உன் வசதிக்காகக் கை வைக்காதே; உனக்கு வேண்டியதை உன் வீட்டோடு வைத்துக்கொள்.