கனலி உடுத்திய பதினேழு சட்டை

புகைமலையில் நெருப்பு நாகங்கள் குடியிருந்தன. பனைமர நீளம் உடம்பு, முறம் முறமாய்ச் செதில், இரண்டு பக்கமும் பாய் விரித்தாற்போல் இறக்கை. வாயைத் திறந்தால் நெருப்பு. அந்த நெருப்பு மரத்தைச் சாம்பலாக்கும், பாறையைக் கரியாக்கும். அவர்கள் தோலை மட்டும் ஒன்றும் செய்யாது.

இவ்வளவு பலம் இருந்தும் அந்தக் குலத்துக்கு ஒரு பயம் உண்டு. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்கிற பயம்தான் அது.

பாம்பு உரித்துப் போட்ட தோலை நாம் சட்டை என்கிறோம் அல்லவா? நெருப்பு நாகங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை சட்டை உரிக்கும். மற்ற பாம்புகள் அதைப் புதரிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். இவர்கள் விடமாட்டார்கள். சுருட்டிக் குகையில் பத்திரப்படுத்துவார்கள். வீட்டில் கல்யாணம் வந்தால் அம்மா சட்டை, பாட்டி சட்டை, பூட்டி சட்டை என்று பெண்ணுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கொடியால் இறுக்குவார்கள். மாப்பிள்ளைக்கும் அப்படியே. அதுதான் கல்யாண உடுப்பு. எத்தனை அடுக்கோ அத்தனை கௌரவம்.

காய்ந்த சட்டை சருகு மாதிரி. ஒரு பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். அதனால் பெண் வாயையும் மாப்பிள்ளை வாயையும்கூடக் கொடியால் கட்டிவிடுவார்கள். நெருப்பு நாகமாய்ப் பிறந்தும் நெருப்பு ஊதக் கூடாத ஒரே நாள், கல்யாண நாள்.

உடுத்தி முடிந்ததும் இரண்டு பேரும் கழுகுப்பாறை நுனியில் நின்று, கீழே இருக்கிற பெரும்பள்ளத்தைச் சேர்ந்து பறந்து தாண்ட வேண்டும். பொழுது சாய்வதற்குள் தாண்டினால் கல்யாணம் முடிந்தது. தாண்டாவிட்டால் சம்பந்தம் முறிந்தது. அப்புறம் அவர்கள் ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது.

போன வருஷம் ஒரு பெண் பதின்மூன்று சட்டையோடு குதித்தாள். கல் மாதிரி பள்ளத்தில் விழுந்து இடது இறக்கை ஒடிந்தது. மேலேயிருந்து எட்டிப் பார்த்த பெரியவர்கள் முதலில் கேட்டது இதுதான்: "சட்டை ஒண்ணும் கிழியலையே?"

அந்த மலையில் தணலப்பன் என்று ஒரு நாகம். அவனுக்குக் கனலி ஒரே மகள். தாய் இல்லாத பெண். எதிர்மலைக் கொள்ளிமுத்துவும் அவளும் குஞ்சுப் பருவத்திலிருந்தே மழைமேகத்துக்குள் புகுந்து யார் முதலில் வெளியே வருகிறார்கள் என்று பந்தயம் கட்டிப் பறந்தவர்கள். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போனது.

கொள்ளிமுத்துவின் அம்மா சூளையம்மாள் பெண் பார்க்க வந்தாள். அவள் முதுகில் முறைக்கார உடும்பு ஏறி உட்கார்ந்திருந்தது. உடும்புக்கு இறக்கை கிடையாது, நெருப்பு கிடையாது. ஆனால் கல்யாண முறையெல்லாம் தெரியும். தெரியாததை அந்த இடத்திலேயே உண்டாக்கிக்கொள்ளவும் தெரியும். உடுத்தும் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு காட்டுக்கோழி முட்டை உடும்புக்குத் தர வேண்டும் என்பதும் அது சொன்ன முறைதான்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா," என்றாள் சூளையம்மாள். "எத்தனை சட்டை போடுறதா உத்தேசம்?"

"எங்க வீட்டுல ஏழு போடுறது வழக்கம்ங்க," என்றான் தணலப்பன்.

சூளையம்மாள் உடும்பைத் திரும்பிப் பார்த்தாள். உடும்பு நாக்கை ஒரு தடவை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஏழுன்னா ஏழு. நாங்க எதுவும் கேட்கலைங்க. கடவுள் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கலை. பையனுக்கு நாங்க பதினஞ்சு போடுறோம். பக்கத்துல பொண்ணு ஏழோட நின்னா உங்களைத்தான் பேசுவாங்க. எனக்கென்ன வந்துச்சு?"

எதுவும் வேண்டாம் என்று சொல்லும்போதே எவ்வளவு வேண்டும் என்று தெரியவைக்கிற சாமர்த்தியம் மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும்தான் வாய்க்கும்.

தணலப்பன் நெஞ்சை நிமிர்த்தினான். "பதினேழு போடுறேன், சம்பந்தியம்மா."

அவர்கள் போனதும் கனலி அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, நம்ம குகையில இருக்கிறதே ஏழு. அதுலயும் ரெண்டை எலி கடிச்சுக் கந்தலாக்கி வச்சிருக்கு."

"கிடைக்கும். நீ சும்மா இரு."

"எனக்கு அம்மா சட்டை ஒண்ணு போதும்ப்பா. பதினேழைக் கட்டிக்கிட்டு நான் எப்படிப் பறக்கிறது?"

"கல்யாணத்தன்னைக்குப் பறக்கிறதைப் பத்தி யாராவது யோசிப்பாங்களா?"

"பள்ளத்தைத் தாண்டலைன்னா முத்து எனக்கு இல்லைப்பா."

"முன்னோருங்க பாத்துக்குவாங்கம்மா. அவங்க சட்டையைத்தானே கட்டப்போறோம்," என்று சொல்லிவிட்டுத் தணலப்பன் முன்னோரைத் தேடிக் காட்டுக்குள் புறப்பட்டான்.

முதலில் சாரைப்பாம்பு எதிர்ப்பட்டது.

"சாரை, உன் பழைய சட்டை ஏதாவது கிடக்குதா?"

"அந்தக் கள்ளிப் புதர்ல நாலஞ்சு கிடக்கு, எடுத்துக்கய்யா. எதுக்கு?"

"எங்க பூட்டியோட சட்டைன்னு சொல்லணும்."

சாரை தன் சட்டையைப் பார்த்தது. தணலப்பனின் உடம்பை அடி முதல் நுனி வரை பார்த்தது. "உங்க பூட்டி ரொம்ப ஒல்லியோ?" என்று கேட்டது.

அன்றிலிருந்து ஒரு மாசம் தணலப்பன் பொந்து பொந்தாக அலைந்தான். சாரைச் சட்டை, விரியன் சட்டை, ஓணான் சட்டை, எல்லாவற்றையும் அள்ளி வந்தான். தையல்சிட்டுகளைக் கூப்பிட்டு ஒன்றோடொன்று தைக்கச் சொன்னான். நாற்பது சாரை சேர்ந்து ஒரு பூட்டி ஆனாள்.

ஒருநாள் மலையடிச் சுனையில் தண்ணீர் குடிக்க இறங்கினான். அங்கே பாறையோடு பாறையாக ஒரு கிழட்டு ஆமை படுத்திருந்தது.

"தணலு, வாயில என்ன சுமை?" என்றது ஆமை.

"மகளுக்குக் கல்யாணம் தாத்தா. சட்டை சேர்க்கிறேன். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"யாரு சொன்ன முறை?"

"உடும்பு."

"அதுக்கு என்ன வயசு?"

"ஒரு பன்னெண்டு இருக்கும்."

"எனக்கு முந்நூத்துச் சொச்சம்," என்றது ஆமை. "உங்க குலத்துல நடந்த முதல் கல்யாணத்தையே இந்தச் சுனையிலிருந்து பார்த்தவன் நான். கேட்கிறியா?"

"வந்து கேட்கிறேன் தாத்தா. இப்ப நேரமில்லை," என்று தணலப்பன் பறந்துவிட்டான்.

கல்யாண நாள் வந்தது. எந்த நாலு பேருக்குப் பயந்தார்களோ அந்த நாலு பேரும் முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள்.

அம்மாவின் சட்டையைக் கனலி தானே எடுத்து உடம்போடு சுற்றிக்கொண்டாள். அது இன்னும் மெத்தென்று இருந்தது. அதற்கு மேல் மற்றவர்கள் சுற்றினார்கள். உடும்பு ஒரு கல்லின் மேல் ஏறி நின்று ஒவ்வொன்றாகக் கூவியது.

"எட்டாவது, பொண்ணோட பூட்டி சட்டை. அந்தக் காலத்திலேயே ஏழு மலையை ஆண்ட அம்மா!"

"அடேயப்பா," என்றது கூட்டம்.

"அது நான் போன ஆவணியில கழட்டினது," என்றது புதருக்குள் இருந்த சாரை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினேழும் சுற்றி முடித்தபோது கனலியின் மூக்கும் கண்ணும்தான் வெளியே தெரிந்தன. வாயையும் கட்டினார்கள்.

இதைப் பார்த்ததும் சூளையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "முறைக்காரரே, பொண்ணு பதினேழோட நிக்கும்போது மாப்பிள்ளை பதினஞ்சோட நிக்கலாமா?"

"கூடவே கூடாது," என்றது உடும்பு, இன்னும் நாலு முட்டையை மனசில் நினைத்துக்கொண்டு.

கொள்ளிமுத்துவுக்கு இன்னும் நாலு சட்டை ஏறியது. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அதையும் கட்டிவிட்டார்கள்.

இப்போது இரண்டு பேராலும் நகரக்கூட முடியவில்லை. தாய்மாமன்கள் ஆறு பேர் முட்டுக் கொடுத்து, அடிமரத்தை உருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டுபோய்க் கழுகுப்பாறை நுனியில் நிறுத்தினார்கள். பொழுது மேற்கு முகட்டுக்கு மேல் இரண்டு பனை உயரத்தில் இருந்தது.

"ம், பறங்க," என்றது உடும்பு.

கனலி இறக்கையை விரிக்கப் பார்த்தாள். சட்டைகள் சரசரத்தன. இறக்கை அசையவில்லை. கொள்ளிமுத்துவும் முக்கிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"இறக்கையை விரிக்கணும்னு முறையில எங்கேயும் சொல்லலை," என்றது உடும்பு. "குதிக்கணும், அவ்வளவுதான். தள்ளிவிடுங்க, போய்ச் சேர்ந்துடுவாங்க."

தணலப்பன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். அடி தெரியவில்லை. திரும்பினான். கூட்டத்தின் ஓரத்தில் போன வருஷத்துப் பெண் ஒடிந்த இறக்கையைத் தரையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

"சம்பந்தியம்மா, ரெண்டு பக்கமும் ஒரு பத்துச் சட்டையைக் கழட்டிடலாமா?"

"தாராளமா. முதல்ல நீங்க கழட்டுங்க."

"நல்ல காரியத்துல மாப்பிள்ளை வீடுதானே முதல்ல?"

"போடும்போது முந்தினது யாரு? கழட்டும்போதும் அவங்களே முந்தட்டும்."

"நான் முதல்ல கழட்டினா எங்க ஆளுங்க என்ன சொல்வாங்க?"

"எங்களுக்கு ஆளுங்க இல்லையாக்கும்?"

ஏறும்போது இருந்த போட்டி இறங்கும்போது இல்லை. இவர்கள் இப்படி வழக்காடிக்கொண்டிருக்க, பொழுதின் அடிவிளிம்பு முகட்டைத் தொட்டுவிட்டது. கால்வாசி மறைந்தது. பாதி மறைந்தது.

கனலி கொள்ளிமுத்துவைப் பார்த்தாள். அவனால் அசைக்க முடிந்தது இமை ஒன்றைத்தான். அவன் இமையை மூடித் திறந்தான்.

அவள் முக்கி முக்கித் தலையைக் குனித்து, வாயைக் கட்டியிருந்த கொடியைப் பாறை விளிம்பில் வைத்துத் தேய்த்தாள். ஒரு தேய், இரண்டு தேய், மூன்றாவதில் கொடி அறுந்தது.

"கனலி, என்னம்மா பண்றே?" என்று பதறினான் தணலப்பன்.

"அப்பா, தள்ளி நில்லுங்க."

ஒரே ஒரு கணம் அவள் தயங்கினாள். பதினாறு சட்டைக்கு அடியில் அம்மாவின் சட்டை இருந்தது. பிறகு மூச்சை இழுத்துத் தன் மேலேயே ஊதினாள். அடுத்த மூச்சை முத்துவின் மேல் ஊதினாள்.

முப்பத்தாறு சட்டையும் குப்பென்று பற்றின. ஏழு மலையை ஆண்ட பூட்டி பனை உயரத்துக்கு எரிந்தாள். கூட்டம் சிதறியது. உடும்பு முட்டைக் கூடையை விட்டுவிட்டுச் சரிவில் உருண்டு மலையடிச் சுனைக்குள் விழுந்தது. புகை விலகியபோது சாம்பலுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றார்கள். தோல் பளபளவென்று இருந்தது. பொழுது முகட்டுக்கு மேல் ஒரு கீற்று மிச்சமிருந்தது.

அவர்கள் குதித்தார்கள். நாலு இறக்கையும் படாரென்று விரிந்தன. அக்கரையைத் தொட்டதும் நிற்காமல் நேரே மேகத்துக்குள் புகுந்தார்கள். யார் முதலில் வெளியே வந்தார்கள் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

கனலியின் இறக்கை நுனியில் எரியாத துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு காற்றில் படபடத்தது. அது அவள் அம்மாவின் சட்டை.

கீழே சுனையில் ஆமை சிரிக்கிற சத்தம் கேட்டது. சாம்பல் படிந்த உடம்போடு எல்லாரும் இறங்கிப் போனார்கள்.

"என்ன தாத்தா சிரிப்பு?" என்றான் தணலப்பன்.

"முதல் கல்யாணமும் அச்சு அசல் இதே மாதிரிதான்," என்றது ஆமை. "அந்தப் பொண்ணு அன்னைக்குப் பார்த்துச் சட்டை உரிச்சுக்கிட்டிருந்தா. பாதி உரிஞ்சிருக்கும்போதே மாப்பிள்ளை வந்து, மழை வருது, கிளம்புன்னான். கிளம்பிட்டா. இறக்கை நுனியில துண்டு ஒட்டியிருந்தது. அவ கவனிக்கவே இல்லை. அடுத்த பொண்ணு அதைப் பார்த்து ஒரு துண்டை எடுத்து ஒட்டிக்கிட்டா. அதுக்கு அடுத்தவ ரெண்டு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நேரமில்லைன்னு பறந்தது நீதானப்பா."

இனிமேல் புகைமலையில் எந்தக் கல்யாணத்துக்கும் சட்டை கட்டுவதில்லை என்று அங்கேயே முடிவானது. சூளையம்மாள்தான் முதலில் தலையாட்டினாள். உடும்பு தண்ணீருக்குள் இருந்தபடியே, "நானும் ரொம்ப நாளா அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்," என்றது.

மூன்று மாசம் கழித்து மலையில் இன்னொரு பெண் பார்த்தார்கள். பெரிய மனுஷன் என்று தணலப்பனையும் கூட்டிப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைக் கனைத்தாள்.

"நாங்க எதுவும் கேட்கலைங்க. உடுத்துற வழக்கம்தான் ஒழிஞ்சு போச்சே. பறக்கிறதுக்கு முன்னாடி எரிக்கிறதுக்கு மட்டும் எத்தனை சட்டை கொண்டுவர்றீங்க?"

பெண்ணைப் பெற்றவன் திகைத்துப்போய்த் தணலப்பனைப் பார்த்தான்.

தணலப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "எங்க வீட்டுல பதினேழு எரிச்சோம்," என்றான்.

காரணம் கேட்காமல் சுமக்கிற வழக்கம் பறக்கிறவனையும் பள்ளத்தில் தள்ளும். அதை எரித்துவிட்டாலும், வீண் பெருமை எரியாதவரை அந்தச் சாம்பலிலிருந்தே இன்னொன்று முளைக்கும்.