தராசில் நிற்காத பெயர்

முன்பொரு நாளில், சந்தனக் காடுகள் சூழ்ந்த ஒரு நாட்டின் அரசருக்கு அரண்மனை வருவாயைப் பெருக்கும் ஆசை வந்தது. கருவூலத் தலைவர் அரங்கராயர் உடனே வழி சொன்னார்.

"அரசே, தராசில் நிற்பதே சொத்து. நிற்காததற்குச் செலவு செய்வது வீண்."

அவர் குறிவைத்தது விகடகவி சாத்தையனை. சிரிப்பை யாரால் நிறுக்க முடியும்? அரசரோ யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். 'தராசில் நிற்காத எதுவும் இனி அரண்மனையின் உடைமை அல்ல' என்று பறை அறைந்தார்கள்.

சாத்தையனின் மானியம் நின்றது. அரண்மனைத் தைலச் சாலையில் சந்தனத் தைலத்தை முகர்ந்து தரம் பார்க்கும் பொன்னாத்தாளுக்கும் வேலை போயிற்று.

"என் மூக்கக் கழட்டியா சாமி தட்டுல வைப்பேன்?" என்று அவள் சாத்தையனிடம் வந்து அழுதாள்.

"நீ வைக்க வேணாம் ஆத்தா. நான் வேற ஒண்ண வச்சுப் பாக்குறேன்."

அவன் தைலச் சாலைக்குப் போனான். ஆணையைச் சொல்லி, குடங்களில் இருந்த, அரசர் பெயர் பொறித்த முத்திரையை எல்லாம் சுரண்ட வைத்தான். கப்பல் வணிகர்கள் வந்தார்கள். மொட்டைக் குடங்களைப் பார்த்து, விளக்கெண்ணெய் விலைக்குக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அரசர் கொதித்தார். "என் பெயரை அழிக்க உனக்கு எவ்வளவு துணிச்சல்!"

"ஆணைப்படியே செய்தேன், அரசே. அரங்கராயர் தங்கள் பெயரைத் தராசில் நிறுத்துக் காட்டட்டும்."

தராசு வந்தது. அரங்கராயர் குனிந்து அரசரின் பெயரை மெல்லச் சொன்னார். தட்டு அசையவில்லை. உரக்கக் கத்தினார். லேசாக ஆடியது.

"அது தங்கள் மூச்சு, ஐயா" என்றான் சாத்தையன். "அரசே, அதே தைலம், அதே எடை. முத்திரை போனதும் விலை எங்கே போயிற்று?"

அரசர் தராசை எடுத்துப் போகச் சொன்னார். "சரி, வருவாய்க்கு என்னதான் வழி?"

"வெளியூர்களிலும் நல்ல தைலம் வடிக்கிறார்கள். பொன்னாத்தாள் முகர்ந்து சரி என்றால் அவர்கள் குடத்திலும் முத்திரை வைக்கலாம். லாபத்தில் தங்களுக்கு ஒரு பங்கு. மட்டமான சரக்கில் மட்டும் வைத்துவிடாதீர்கள். தட்டு அசையாமலே தங்கள் பெயர் கீழே விழுந்துவிடும்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆணையைத் திரும்பப் பெற்று, தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையன் கழுத்தில் போட்டார்.

அடுத்த முறை கப்பல்கள் வந்தபோது, பொன்னாத்தாள் தலையசைத்த குடங்களுக்கு வணிகர்கள் முண்டியடித்தார்கள். பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் அரங்கராயர்.