கூழாங்கற்களை அடைகாத்த ஆள்காட்டி

ஒரு காட்டில் ஆள்காட்டிக் குருவி ஒருத்திக்கு அநியாயம் நடந்துவிட்டது, பிள்ளைகளே. ஆற்றோரச் சரளையில் அவள் இட்டிருந்த நான்கு முட்டைகளை, தண்ணீர் குடிக்க வந்த கொம்பன் யானையார் மிதித்துவிட்டுப் போனார். குனிந்துகூடப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம், அவள் கட்டிய புலம்பலைக் கவியரங்கில் பாட விடாதது. அரங்கில் பாடியதை மழைக்காலம் முழுக்கக் காடே பாடும். பிறக்காத நான்கு பேருக்கும் உலகத்தில் மிஞ்சக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

விடாதவர் மரங்கொத்தி வாத்தியார். தேக்கின் உச்சியில் உட்கார்ந்து, எந்தப் பாட்டையும் கொத்திக் கொத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்.

"துன்பியல் என்றால் உயரத்திலிருந்து வீழ்வது! கொம்பனார் பள்ளத்தில் சறுக்கி ஒரு தந்தத்தை இழந்தாரே, அது துன்பியல். தரையில் கிடந்த முட்டை எங்கேயம்மா விழும்?"

"தரையில் முட்டையிடுவதுதான் எங்கள் வழக்கம், ஐயா."

"அப்படியானால் உங்கள் குலத்துக்கே துன்பியல் கிடையாது. போய் வா!"

"கிடையாது, கிடையாது!" என்று ஒத்து ஊதினான் மாணவன் மைனா.

ஆள்காட்டி ஆற்றோரம் திரும்பினாள். வெயில் ஏறியதும், முட்டைகளுக்குச் சூடு தணிக்கச் செய்வதுபோலவே வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து, முட்டைகள் இருந்த இடத்தில் நான்கு கூழாங்கற்களின் மேல் உட்கார்ந்தாள். கல்லுக்குச் சுடாது என்று அவளுக்குத் தெரியாதா? உடம்பு கேட்கவில்லையே!

அரங்கு கூடியது. தலைமை கொம்பனார். அவருடைய தந்தத்தைப் பற்றி வாத்தியார் பாடினார், பாடினார், பாடிக்கொண்டே இருந்தார். எருமைகள் அசை போட்டன. மைனாவே கொட்டாவி விட்டான்.

முடிந்ததும், யாரும் அழைக்காமலே ஆள்காட்டி நடுவில் வந்து இறங்கினாள்.

"உன்னை யார் கூப்பிட்டது?" என்று சீறினார் வாத்தியார்.

"பாடட்டும், விடுங்கள்" என்றார் கொம்பனார்.

"வெயில் ஏறுதே, நனைந்து வந்தேன்;
குளிர்ந்ததா என்று யாரைக் கேட்பேன்?
கல்லே, கல்லே, நான்கு கல்லே,
ஒருமுறை கொஞ்சம் அசைந்தால் என்ன?"

எருமைகளின் வாய் நின்றது. கொம்பனார் முன்காலைத் தூக்கினார்; தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

வாத்தியார் மட்டும் விடவில்லை. "உருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இலக்கணம் என்ன ஆவது? விழுந்தது எது? அதைச் சொல் முதலில்!"

ஆள்காட்டி தேக்கின் உச்சியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பிள்ளைகள் விழவில்லை, வாத்தியாரே. உங்கள் நாயகரின் கால்தான் விழுந்தது."

நீதி: ஒருவர் துயரம் பெரிதா சிறிதா என்று அளக்க, அவருடைய ஏக்கத்தைத் தவிர வேறு கோல் கிடையாது.